வான்குடையும் வடமும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இக்கூட்டத்தில் யான் பேச எழுந்தால், "தமிழையா ஒரு காப்பியத்தை எடுத்துக்கொள்வார், அதற்குள் நாம் பந்திக்குப் போய்வந்துவிடலாம்" என்று பின்வரிசையிலுள்ளோர் மெல்ல நழுவுதல் யான் அறியாததன்று. இவ்வாண்டு நழுவவேண்டா என்று கேட்டுக்கொள்கிறேன். இன்று யான் சொல்லப் புகுந்தது காப்பியமன்று. ஆகாய விமானத்தினின்று குடைகொண்டு குதிக்கும் பட்டாளத்தாரைப் பற்றியது. பள்ளிக்கூடத்து மாடிப்படியில் இறங்கும்போதும் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டே இறங்கும் எனக்கும் இப்பொருளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு உண்டு. அத்தொடர்பில் யான் செய்த பிழை ஒன்றும் உண்டு. அப்பிழையை இச்சபையிற் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

என்னிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன், பெயர் வேண்டா. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே கரிசல் நிலத்துச் சிற்றூர் ஒன்று அவன் பிறந்த ஊர். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் ஊர். கிணற்றில் நீர் இருப்பவர் சின்ன வெங்காயமும் போடுவர். அவன் தந்தையார் கிணறு வெட்டும் தொழிலாளி. நம் பக்கத்துக் கிணறுகளின் ஆழத்தை உங்களுக்கு யான் சொல்லவேண்டுவதில்லை. அத்தகைய கிணறு ஒன்றனுள் தொட்டியில் நின்றுகொண்டு இறங்குகையில், மேலே கிரேனிற் சுற்றியிருந்த இரும்பு வடம் அறுந்து அவர் மாண்டார். அப்பொழுது பையனுக்கு வயது ஒன்பது. வடம் துருப்பிடித்திருந்ததென்று பின்னர்ப் பலரும் சொன்னார்கள். முன்னர் ஒருவரும் அதனைப் பார்க்கவில்லை.

அவன் தாயார் கூலிவேலை செய்து மகனைப் படிக்கவைத்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அவன் பட்டாளத்திற் சேர்ந்தான். அதில் அம்மையாருக்கு வருத்தமில்லை, பெருமையே. மாதந்தோறும் பணம் வந்தது, ஓட்டுவீடு ஒட்டுவீடாயிற்று. சில ஆண்டுகள் கழித்து ஒருநாள் இரவு அவன் எனக்குத் தொலைபேசியிற் பேசினான். "ஐயா, பாரசூட் படைக்கு என் விருப்பத்தில் பெயர் கொடுத்துவிட்டேன். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்" என்றான். "ஆகட்டும் தம்பி" என்றேன். யான் செய்த பிழை இதுவே. அவன் இருபது வயது கடந்த ஆண்மகன். தன் தாயிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்பது அவன் பொறுப்பு என்று எனக்கு நானே சமாதானம் கூறிக்கொண்டேன். அவ்வம்மையாரோ வாரந்தோறும் சந்தைக்குப் போகும் வழியில் என்னைக் கண்டு, "புள்ள நல்லா இருக்கானா ஐயா?" என்று கேட்பவர். நான்கு மாதம் அவர் முகத்தைப் பார்த்தே, "நன்றாக இருக்கிறான் அம்மா" என்று சொல்லிவந்தேன்.

இனி அந்தக் குடையைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். பாரசூட் என்பதனை வான்குடை என்று தமிழில் வழங்குகிறோம், பொருத்தமான சொல்லே. பட்டாளத்தில் இந்தியிற் சத்ரி என்பார்களாம். அன்பு மிகுந்துபோய்ச் சத்ரி மாதா என்று தாயாக்கி வாழ்த்துவதும் உண்டாம். நம் பழைய மன்னர்க்கு வெண்கொற்றக்குடை இருந்தது. ஒரு குடையின் நிழலில் ஒரு நாடே தங்கும் என்பது அதன் கருத்து. இந்தக் குடையின் நிழலில் ஒருவனே தங்குவான். அதுவும் ஒரு நிமிஷத்திற்குச் சற்று மேல். பயிற்சியில் ஏறக்குறைய 1,250 அடி உயரத்திற் குதிக்கவிடுகிறார்கள். விரிந்த குடையின் கீழ் நொடிக்கு ஐந்து ஆறு மீட்டர் வேகத்தில் இறங்குகிறார்கள். எங்கள் பள்ளிக் கணக்காசிரியரைக் கேட்டேன். நான்கடி முதல் ஆறடி உயரமுள்ள மதிலிலிருந்து குதித்தால் தரையை எவ்வளவு வேகத்தில் தொடுவோமோ அவ்வளவே இது என்று கணக்கிட்டுச் சொன்னார். நம் பிள்ளைகள் புளியமரக் கிளையினின்று நாடோறும் குதிக்கிற வேகந்தான். ஆனால் அவர்கள் முதுகில் மூட்டையில்லை. பக்கவாட்டில் இழுத்துச் செல்லும் காற்றுமில்லை.

இக்குடை பழைய கருவியே. 1797-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் பாரிஸ் நகரில் கார்னெரன் என்பவர் ஆகாயக்கூண்டிலே ஏறிச்சென்று, அதனின்று துணிக்குடையால் இறங்கினார். அக்குடையின் உச்சியில் துளையில்லை. அடைபட்ட காற்று ஒருமுறை இப்பக்கமும் ஒருமுறை அப்பக்கமுமாக விளிம்பின் வழியே பீறிட்டமையால், ஊஞ்சல்போல ஆடியாடி இறங்கினாராம். பிற்காலத்தார் உச்சியில் ஒரு துளை வைத்தார்கள், ஆட்டம் தணிந்தது. ஓட்டை இருந்தாற்றான் குடை ஒழுங்காக நிற்கும் என்பது நம் ஊர்க் குடைக்காரருக்கு வேடிக்கையாகத் தோன்றும்.

காப்பியம் இல்லை என்று சொன்னேன். ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்ள அனுமதி தரவேண்டும். சீவக சிந்தாமணியிற் சச்சந்தன் தன் தேவி விசயைக்கு மயிற்பொறி ஒன்று செய்வித்தான். படிப்போர் எல்லாரும் அப்பொறி வானிற் பறந்ததையே வியப்பர். யான் வகுப்பில் வேறொன்றனைச் சுட்டிக்காட்டுவது வழக்கம். பொறியைச் செய்வித்ததோடு அம்மன்னன் நின்றானல்லன். எப்பக்கம் திருகினால் எழும், எப்பக்கம் திருகினால் இறங்கும் என்று தேவிக்குப் பழக்கியும் வைத்தான். ஆபத்து வந்த நாளில் அவளைக் காத்ததிற் பாதி பொறி. மற்றைப் பாதி பழக்கம். அவள் சென்று இறங்கிய இடம் சுடுகாடு. இறங்கும் இடத்தைத் தெரிந்தெடுத்தல் அன்றும் எளிதாயில்லை போலும்.

இந்திய இராணுவத்தில் இப்பழக்கம் புகுந்த காலம் இரண்டாம் உலகப்போர்க் காலம். 1941-ஆம் ஆண்டு அக்டோபரில் 50-ஆவது பாரசூட் பிரிகேடு தில்லியில் அமைக்கப்பட்டது. பயிற்சிப் பள்ளியை வில்லிங்டன் விமானத் தளத்தில் நிறுவினர். அதனையே இப்பொழுது சப்தர்ஜங் என்கிறோம். விமானங்கள் பழையவை, குடைகளும் போதியவையாக இல்லை. அந்நிலையில் முதன்முதற் குடைகொண்டு குதித்த இந்தியர் இருவர். ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். மற்றவர் லெப்டினன்ட் ஏ. ஜி. ரங்கராஜ். ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ் என்பது முழுப்பெயர். ஆம், அவர் தமிழர். அது மட்டுமன்று, அவர் போர்த்தொழிலுக்கென்று வந்தவரல்லர், வைத்தியர். 152-ஆவது இந்தியப் பாரசூட் பட்டாளத்தின் மருத்துவ அதிகாரி. தவறாக விழுந்தால் எந்த எலும்பு எங்கே முறியும் என்பதை நன்கு கற்றறிந்தவர் முதல்வராய்க் குதித்தார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு உண்டாகிறது. அறியாமையினாற் பிறக்கும் துணிவு வேறு. அறிந்தும் செல்லும் துணிவு வேறு.

அந்தப் பிரிகேடு 1944-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மணிப்பூரைச் சேர்ந்த சங்ஷாக் என்னும் மலையூரில் ஜப்பானியரை எதிர்த்துப் பெரும்போர் செய்தது. வானிலிருந்து இறங்கப் பழகியவர்கள் அங்கே குழியிற் கிடந்து மண்ணில் நின்று போராடினார்கள். குதிக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை. கற்ற வித்தை கற்றபடியே பயன்படும் என்பது எப்போதும் நடப்பதில்லை.

டாக்டர் ரங்கராஜின் வித்தையோ பயன்பட்டது. பத்தாண்டு கழித்து, எங்கோ கொரியாவில். 1950-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் கொரியப் போருக்குப் படை அனுப்பாமல் ஒரு மருத்துவப் பிரிவை அனுப்பிற்று. 60-ஆவது பாரசூட் கள மருத்துவப் பிரிவு என்பது அதன் பெயர். அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ். அவ்வாண்டு டிசம்பரிற் பியோங்யாங் நகரத்தைவிட்டு எல்லாரும் பின்வாங்கியபோது, மருந்துகளையும் கருவிகளையும் ஏற்றிச்செல்ல வண்டி இல்லை. விட்டுவிட்டு வருக என்பது நிலைமை. விட்டுவர அவர்களுக்கு மனமில்லை. கைவிடப்பட்டுக் கிடந்த நீராவி இரயில் எஞ்சின் ஒன்றைத் தேடிக் கண்டு, வரிசையாய் நின்று வாளிவாளியாக நீர் முகந்து ஊற்றி, எஞ்சின் ஓட்டத் தெரிந்த தம்முள் இருவரைக் கொண்டு ஓட்டி, கருவிகளோடு வந்து சேர்ந்தார்கள். ஏற்றம் இறைத்த நம் கிழவர்கள் கேட்டால் மகிழ்வார்கள்.

1951-ஆம் ஆண்டு மார்ச்சு 23-ஆம் நாள் மூன்சான் என்னும் இடத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கப் பாரசூட் வீரர் வானினின்று இறங்கினர். அவர்களோடு இந்திய மருத்துவப் பிரிவினர் பன்னிருவரளவில் ஒரு சிறு குழுவாகக் குதித்தார்கள்; குழுவின் தலைவர் ரங்கராஜே. இறங்கிய இடத்திலேயே காயம்பட்டோர்க்குச் சிகிச்சை செய்தார்கள். அதன்பின் நம் அரசாங்கம் அவருக்கு மகாவீர சக்கரம் அளித்தது. 2009-இல் அவர் மறைந்தார். யான் இதுவரை கற்பித்த பாடநூல் ஒன்றிலேனும் அவர் பெயரைக் கண்டேனில்லை. இங்கிருக்கும் இளைஞருள் எத்தனைபேர் கேட்டிருக்கிறீர்கள்? கை உயர்த்தவேண்டா; எனக்கே என் மாணவன் சொல்லித்தான் தெரியும்.

அவன் பெற்ற பயிற்சிக்கு வருகிறேன். பாரசூட் படைக்குத் தம் விருப்பினால் வருவோரையே எடுக்கிறார்கள். முதலில் ஏறக்குறைய மூன்று மாதம் சோதனைக் காலம். ஓட்டம், சுமை, உறக்கமின்மை. வந்தவருட் பலர் அங்கேயே திரும்பிவிடுவர். தேறினோரை ஆக்ராவிலுள்ள பாரசூட் வீரர் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்புவர். போர்க்காலத்தில் இப்பள்ளி இராவல்பிண்டிக்கருகிற் சக்லாலாவில் நடந்தது; தேசப் பிரிவினையில் அவ்விடம் பாகிஸ்தானுக்குப் போயிற்று. அதன்பின் ஆக்ராவே இதற்கு உறைவிடமாயிற்று. தாஜ்மகாலைப் பார்த்தாயா என்று கேட்டேன். "வானத்திலிருந்து பார்த்தேன் என்று சொல்ல ஆசைதான் ஐயா. அந்த நேரத்தில் கண்ணை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியாது" என்றான்.

அங்கே முதலில் கற்பிப்பது குதித்தலையன்று; விழுதலை. மேடையினின்று மணலில் விழுதல், முன்னே விழுதல், பின்னே விழுதல், பக்கவாட்டில் விழுதல். இரண்டு பாதமும் ஒட்டியிருக்க வேண்டும். முழங்கால் சிறிதே மடங்கியிருக்க வேண்டும். பாதம் தொட்டவுடனே கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகு என்று உடம்பின் சதைப்பற்றுள்ள இடங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தரைக்குக் கொடுத்து உருளவேண்டும். அதிர்ச்சியை ஓர் எலும்பே தாங்காமல் உடம்பெல்லாம் பங்கிட்டுக்கொள்ளும் உபாயம் இது. யான் பெரிய அறிவாளிபோல, நம் கரைவெட்டி ஏரியிற் குளிர்காலத்தில் இமயத்தைக் கடந்து வந்து இறங்கும் வரித்தலை வாத்துகளை நினைவூட்டினேன். அவை இறங்கும்போது காலை முன்னே நீட்டுவதைக் கண்டதில்லையா என்றேன். அவன் சிரித்தான். "ஐயா, வாத்துக்குக் கீழே தண்ணீர், எங்களுக்குக் கீழே தரை. தரையைத் தேடிக் காலை நீட்டினவன் கால் முறிந்து கிடப்பான். தரை தானே வரும், நீ போகாதே என்றுதான் வாத்தியார் கத்துவார்" என்றான். அன்று அவன் ஆசிரியன், யான் மாணவன்.

இவ்வாறு தரையிற் பல நாள் விழுந்தபின் ஐந்து குதிப்பு. நான்கு பகலில்; ஒன்று இரவில். ஐந்தும் முடித்தோர்க்கே மார்பிற் சிறகுச் சின்னம் குத்துவர். ஆக்ராவின் அருகே மல்புரா என்னும் வெளியில் இறக்குகிறார்கள். விமானத்துள் ஓர் இரும்புக் கம்பி நீளவாட்டில் ஓடும். ஒவ்வொருவன் முதுகுக் குடையினின்றும் வரும் பட்டையின் கொக்கியை அதில் மாட்டவேண்டும். அவன் வெளியே விழுந்ததும் அப்பட்டையே இழுத்துக் குடையை விரிக்கும். அவன் கையாற் செய்யவேண்டுவது ஒன்றுமில்லை. விரியாவிடின் மார்பில் இன்னொரு சிறு குடை உண்டு. அதனைத் தானே இழுக்கவேண்டும். வாயிலின் மேலே சிவப்பு விளக்கு எரிந்தால் ஆயத்தம். பச்சை விளக்கு எரிந்தால் போ.

முதற் குதிப்பில் அவன் வரிசையில் மூன்றாவது. கதவு திறந்ததும் உள்ளே பாய்ந்த காற்றின் ஓசையில் ஒன்றும் கேளாதாம். பச்சை விளக்கு எரிந்தது, முதல்வன் போனான், இரண்டாமவன் போனான். தன் கால் எப்பொழுது விமானத்தைவிட்டது என்று அவனுக்குத் தெரியவில்லை. எண்ணிக்கொண்டிரு, மூன்று நொடி கழித்து அண்ணாந்து பார் என்று கற்பித்திருந்தார்கள். எண்ணினானா என்று கேட்டேன். "ஒன்றுதான் சொன்னேன் ஐயா, இரண்டு என்று சொன்னதாக நினைவில்லை. யாரோ தோளைப் பிடித்துத் தூக்கியதுபோல் இருந்தது. பார்த்தேன், குடை இருந்தது. அதன்பிறகு வந்த அமைதியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கீழே யாரோ மாடு ஓட்டுகிற சத்தம் கேட்டது" என்றான். அம்மாடு ஓட்டும் ஓசையை அவன் சொன்னபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அவ்வளவு உயரத்திலும் மனிதன் செவி முதலிற் பற்றிக்கொண்டது ஊர் ஓசையே.

இரண்டாம் குதிப்பு முதலினும் அச்சந்தந்தது என்றான். முதன்முறை போகிறவனுக்கு இன்னதென்று தெரியாது. இரண்டாம் முறை தெரியும். அன்று அவனுக்கு முன் நின்றவன், அவனோடு ஒரே தட்டில் உண்டு ஒரே கூடாரத்தில் உறங்கிய தோழன், கதவண்டை நின்று குதிக்க மறுத்துவிட்டான். திட்டவில்லை, தள்ளவில்லை. ஒதுங்கச் சொல்லி அடுத்தவனை அழைத்தார்கள். அத்தோழன் விமானத்தோடு இறங்கி, மறுநாள் தன் பழைய பட்டாளத்திற்குத் திரும்பினான். அவனைக் கோழை என்று என் மாணவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "அவன் என்னைவிட வேகமாக ஓடுவான் ஐயா, என்னைவிட நன்றாகச் சுடுவான். எல்லாரும் பார்க்கையில் மாட்டேன் என்று சொன்னானே, அதுவும் எனக்குச் சுலபமாகத் தோன்றவில்லை" என்றான். இதனை இங்குள்ள தந்தையர் சற்றுக் கேட்கவேண்டும். நம் பிள்ளைகளுள் ஒருவன் ஒன்று வேண்டா என்றால் உடனே அவன் ஆண்மையை அளக்கப் புகுகிறோம்.

நான்காம் குதிப்பு முடிந்தபின் அவன் குடையணிந்து நிற்கும் படம் ஒன்றைத் தோழன் எவனோ அனுப்ப, அது கைமாறி நம் ஊருக்கு வந்து, அண்டைவீட்டுப் பையன் தொலைபேசியில் அம்மையார் கண்ணிற் பட்டது. மறுநாட்காலை அவர் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் வந்து நின்றார். அவர் சொல்லிய சொற்களை அப்படியே சொல்லுகிறேன். திருத்த எனக்கு உரிமையில்லை.

"ஐயா, எம்புள்ள மேலேருந்து குதிக்கிறானாமே. ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் அம்மா."

"எத்தன நாளா?"

"நான்கு மாதமாக."

அவர் என்னை வைவார் என்று எதிர்பார்த்தேன். வைதிருந்தால் எனக்கு நன்றாயிருந்திருக்கும். சிறிதுநேரம் தரையைப் பார்த்து நின்றார். பிறகு, "அந்தக் கயித்த யாரு பாக்குறாங்க?" என்று கேட்டார்.

யான் அரசாங்கம் என்றேன், விமானப்படை என்றேன், ஆண்டுக்கணக்கான அனுபவம் என்றேன். ரங்கராஜின் கதையைக்கூடத் தொடங்கினேன். அவர் கேட்டதற்கு விடை என்னிடம் இல்லை. அன்றிரவே அவனை அழைத்து, "உன் தாயார்க்குத் தெரிந்துவிட்டது. அவர் கேட்டது ஒன்றே" என்று அந்தக் கேள்வியைச் சொன்னேன். நெடுநேரம் அவன் பேசவில்லை. பின்னர்ச் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன்.

ஒவ்வொரு குடைக்கும் ஓர் எண் உண்டு. ஒரு பதிவு உண்டு. குதித்துவந்த குடையைத் தொங்கவிட்டு உலர்த்தி, தையல் தையலாகவும் கயிறு கயிறாகவும் பார்த்து, நீண்ட மேசையில் விரித்து, முறைப்படி மடிப்பார்கள். மடிப்பில் ஒரு கயிறு மாறினாலும் விரியும்போது சிக்கும். மடித்தவன் இன்ன நாளில் யான் மடித்தேன் என்று கையொப்பமிடவேண்டும், மேற்பார்த்தவனும் இடவேண்டும். ஏறுமுன் பயிற்சியாசிரியர் ஒவ்வொருவன் முதுகையும் மார்பையும் கையாற் தொட்டுப் பார்ப்பார். விமானத்துள் நின்றபின் ஒவ்வொருவனும் தன்முன் நிற்பவன் முதுகைச் சோதித்துச் சரி என்று உரக்கச் சொல்லவேண்டும். "அம்மாவிடம் சொல்லுங்கள் ஐயா. நாலு பேர் பார்க்கிறார்கள். பார்த்தவர் பேர் எழுதியிருக்கிறது." இதனைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. "அப்பா வடத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை ஐயா. அதற்குப் பேர் எழுத ஓர் ஏடும் இல்லை."

"இதனை யான் சொல்லமாட்டேன், நீயே சொல்" என்றேன். இத்தனை காலத்தில் யான் சரியாகச் செய்தது அஃதொன்றே. மறுநாள் அவன் தாயாரோடு ஒரு மணிநேரம் பேசினான். இரவுக் குதிப்பு இன்னும் உண்டு என்பதையும் மறைக்காமற் சொல்லிவிட்டான்.

அந்த இரவு அம்மையார் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டார். என் மனைவி சோறு போட்டாள், அவர் உண்ணவில்லை. இரவுக் குதிப்பில் தரை கண்ணுக்குத் தெரியாது. தரை தானே வரும் என்று கற்பித்தது அதற்காகவே. யான் அதனை அவரிடம் சொல்லவில்லை. வானத்தையே பார்த்திருந்தார், நிலவு இல்லை. ஆக்ராவில் மேகம் இருக்குமா என்று ஒருமுறை கேட்டார். பத்தரை மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. கணுக்கால் சிறிது பிசகியிருக்கிறது, வேறொன்றுமில்லை என்றான். அம்மையார் கருவியை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். பிறகு எங்கள் வீட்டில் அவரும் சாப்பிட்டார்.

சிறகுச் சின்னத்தோடு அவன் விடுப்பில் வந்தபொழுது ஊரில் மாலையிட்டார்கள். யானும் இரண்டு சொல் பேசினேன். அதனை விடுங்கள். மூன்றாம் நாள் பக்கத்து நிலத்தார் தம் கிணற்றைத் தூர்வார ஆள் இறக்க இருந்தனர். இவன் போய் நின்று, கிரேனில் இருந்த வடத்தை முழுவதும் தரையில் விரிக்கச் சொன்னான். "எண்ணூறு ரூபாய்க் கூலிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று சிலர் முணுமுணுத்தார்கள். கையுறை மாட்டிக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அங்குலம் அங்குலமாய்த் தடவிப்பார்த்தான். இடையில் இரண்டிடத்தில் இழை தெறித்திருந்தது. வேறு வடம் பெரம்பலூரிலிருந்து வந்து சேர மறுநாள் ஆயிற்று. பள்ளிப்பிள்ளை ஒருவனது நாற்பது பக்க நோட்டுப்புத்தகத்தை வாங்கி, வடம் வாங்கிய நாள், பார்த்த நாள், பார்த்தவர் பெயர் என்று கோடு கிழித்து, முதல் வரியில் தானே கையொப்பமிட்டுக் கிரேன்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

நம் சங்கத்து உறுப்பினருட் கிணற்றுவேலை எடுத்துச் செய்வோர் பதினைந்து குடும்பத்துக்குக் குறையார் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்கள் ஒவ்வொருவருக்கும் கொடுக்கும்படி அத்தகைய புத்தகங்களைச் செயலாளர் மேசையின்மேல் வைத்திருக்கிறேன். என் சொந்தச் செலவு, சங்கக் கணக்கில் எழுதவேண்டா. கூட்டம் முடிந்ததும் வாங்கிச் செல்லுமாறு வேண்டுகிறேன்.

அவ்வம்மையார் இச்சபையில் நடுவரிசையில் அமர்ந்திருக்கிறார். அவரிடம் தனியே மன்னிப்புக் கேட்டுவிட்டேன்; நான்கு மாதம் பலர் முன்னிலையில் அவரிடம் பொய் சொன்னேனாதலின், பலர் முன்னிலையிலும் கேட்டுக்கொள்கிறேன். சென்ற வாரம் அந்தக் கிரேன்காரரிடமுள்ள புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். மகன் கையொப்பத்தின் கீழ் ஏழு வரிகள் நிரம்பியிருக்கின்றன. அவற்றுள் மூன்றில் இருப்பது அவருடைய கைநாட்டு. வேலை தொடங்குமுன் யாரும் அழைக்காமலே போய் நிற்கிறாராம். விரித்துக் காட்டாமல் ஆளை இறக்கவிடுவதில்லையாம்.

பந்திக்கு நேரமாயிற்று என்று செயலாளர் சைகை செய்கிறார்.